6 அடி, 12 அடி, 16 அடி

மார்ச் 2, 2025, ஞாயிறு

1962-இல் இதே தேதியில்தான் அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற சிற்றூரில் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். டிவியில் காட்டவில்லை. நேரில் பார்த்தவர்கள் 4,124 பேர். எனக்கு அந்த 100-ஐவிட 28-தான் பிடிக்கும். ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதலான ஃப்ரீ த்ரோவில் தடுமாறுகிறவர் என்று பேர் எடுத்தவர், அன்று 32-க்கு 28 போட்டார். இரண்டு கையாலும் பந்தைக் கீழிருந்து தூக்கிப் போடும் முறை. பிற்பாடு அதைக் கைவிட்டுவிட்டார். ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கோர்ட் காலி. டேப்பையும் சாக்பீஸையும் எடுத்துப்போய், ரிங்குக்கு முன்னால் 6 அடி அகலத்துக்கு இரண்டு கோடு இழுத்தேன். ஜார்ஜ் மைக்கன் லேக்கர்ஸ் அணிக்கு ஆட வந்தபோது லேன், அதாவது ரிங்குக்கு முன்னால் தாக்கும் அணியினர் 3 நொடிக்கு மேல் நிற்கக் கூடாத பட்டை, அவ்வளவு குறுகல். கோட்டோரம் நின்றால் ரிங்கின் நடுவுக்குப் பக்கவாட்டில் 3 அடிதான். 6 அடி 10 அங்குல ஆள் அங்கே பந்தை வாங்கித் திரும்பினால் யார் என்ன செய்ய முடியும்? 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி அவருக்குப் பயந்து பந்தைக் கையிலேயே வைத்திருந்து 19-18 என்று ஜெயித்தது. லேக்கர்ஸின் 18-இல் 15 மைக்கன் போட்டது.

1951-இல் லேனை 12 அடி ஆக்கினார்கள். வில்ட் வந்த பிறகு, 1964-இல், 16. மூன்று கோட்டிலும் மாறிமாறி நின்று பார்த்தேன். 16-இல் நிற்கும்போது ரிங் வேறு ஊரில் இருக்கிற மாதிரி இருந்தது.

மார்ச் 5, புதன்

மைக்கன் டிரில், அதாவது ரிங்கடியில் நின்று வலம் இடமாக மாறிமாறிப் பந்து போடும் பயிற்சி, 40. தோள் வலி.

மார்ச் 6, வியாழன்

ராத்திரி முழுக்க செல்டிக்ஸ் அணியின் சென்டர், அதாவது ரிங்கடியில் ஆடும் உயரமான ஆள், பில் ரஸ்ஸலின் பழைய ஆட்டங்கள். மற்றவர்கள் எதிராளியின் எறிதலைத் தட்டி பிளாக் செய்தால் பந்து கூட்டத்துக்குள் பறக்கும், கைதட்டல் கிடைக்கும், பந்து மறுபடி எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் விரல் நுனியால் மெல்லத் தட்டுவார். பந்து கோர்ட்டுக்குள்ளேயே விழும், செல்டிக்ஸ் ஆள் ஒருவர் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவார். 13 சீசனில் 11 பட்டம். அவர் ஓய்வுபெற்றது 1969-இல், அமெரிக்க லீக்கான என்.பி.ஏ. பிளாக்கை எண்ண ஆரம்பித்ததோ 1973-74-இல். அவருடைய முக்கியமான வேலைக்குக் கணக்கே இல்லை.

இன்னொரு சென்டர் கரீம் அப்துல்-ஜப்பாருக்கு 38,387 புள்ளி, சீசனின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது 6. மறுக்கவில்லை. ஒரு கையைத் தலைக்குமேல் வளைத்துப் போடும் அவருடைய ஸ்கைஹுக்கைத் தடுக்க ஆள் கிடையாது, அவருக்குப் பின் அதையே நம்பி ஆடிய பெரிய சென்டரும் கிடையாது. ஆனாலும் சிறந்த சென்டராக ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் ரஸ்ஸல் பக்கம்.

மார்ச் 8, சனி

இன்றைய சென்டர் நிகோலா யோகிச், ஃபீனிக்ஸ் அணிக்கு எதிராக, கூடுதல் நேரமான ஓவர்டைம் வரை போன ஆட்டத்தில்: 31 புள்ளி, தவறிய எறிதலின் பந்தைப் பிடித்த ரீபவுண்ட் 21, கூட்டாளி புள்ளி எடுக்கப் பந்து கொடுத்த அசிஸ்ட் 22. ஒரே ஆட்டத்தில் 30-20-20-ஐ இதற்கு முன் யாரும் தொட்டதில்லை. 1968-இல் வில்ட் 22, 25, 21 எடுத்திருக்கிறார். அந்த சீசனில் லீகிலேயே அதிக அசிஸ்ட் அவருடையதுதான். கொஞ்சம் பேர்தான் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

யோகிச் குதிப்பதே அபூர்வம். லேனுக்கு வெளியே, ஃப்ரீ த்ரோ கோட்டு முனையில் பந்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். யாராவது ரிங்கை நோக்கி வெட்டி ஓடினால், அந்த ஆள் போய்ச் சேர்வதற்குள் பந்து அங்கே இருக்கிறது. சென்டரை வெளியே தள்ளத்தான் லேனை அகலமாக்கினார்கள். இவர் அந்த வெளியையே வீடாக்கிக்கொண்டார்.

ரஸ்ஸலை மாற்றமாட்டேன். என் பட்டியலில் இரண்டாவது இடத்தில் எழுதியிருந்த கரீமின் பெயரை இன்றைக்கு அடித்துவிட்டு, அப்புறம் திரும்ப எழுதினேன்.