காவலூர்: கத்திரி வெயிலில் குழந்தைகளோடு நட்சத்திரம் பார்க்கப் போனோம்

வியாழனையும் அதன் நாலு நிலாக்களையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்த சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பவர்கள், ஊட்டியிலும் ஏற்காட்டிலும் போக்குவரத்து நெரிசலில் உட்கார்ந்திருக்கும் காசுக்கும் நேரத்துக்கும் ஒரு சனிக்கிழமை காவலூர் போய்வாருங்கள்.

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆலங்காயத்தைத் தாண்டி, ஜவ்வாது மலைக் காட்டுக்குள் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துவது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் இருட்டியபின் சின்னத் தொலைநோக்கி ஒன்றில் நமக்கும் காட்டுகிறார்கள். நேரம் மாறலாம், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து காலை ரயில். நேராக வாணியம்பாடியில் இறங்குவதுதான் வசதி. ஆனால் பிரியாணிக்குப் பெயர்போன ஆம்பூர் வழியில் வருகிறதே! இறங்கிவிட்டோம். சீரகச் சம்பா அரிசி, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, அதிக மசாலா நெடி இல்லாமல், கறி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்று வந்தது. தொட்டுக்கொள்ளப் புளிப்பும் காரமுமாகக் கத்திரிக்காய், பக்கத்தில் வெங்காயத் தயிர்ப் பச்சடி. காரம் என்றாலே முகம் சுளிக்கும் என் பையன் இலையை வழித்துச் சாப்பிட்டான். சென்னையில் ‘ஆம்பூர் பிரியாணி’ என்று பலகை மாட்டி விற்பதில் பாதிக்கு அந்தப் பெயரை வைக்கவே உரிமை கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

அங்கிருந்து பேருந்தில் வாணியம்பாடி. இனிமேல்தான் எரிச்சல். பகலில் ஆலங்காயம் போய்ப் பேருந்து மாறிக் காவலூர் போய்விடலாம். திரும்பும்போது இரவு ஒன்பது தாண்டிவிடும், அந்நேரத்தில் மலையில் பேருந்தை நம்பி அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்த முடியாது. அதனால் கார். போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். இரவு திரும்பும்போது, சின்னவன் என் தோளில் தூங்கிக்கொண்டிருக்க, ஓட்டுநர் புதுக் கணக்கை எடுத்தார். மலை ஏறியதற்கு 500, நைட் பேட்டா 300, காத்திருந்ததற்கு 400. “அதெல்லாம் சேர்த்துத்தானே பேசினோம்?” என்றால், “இந்த நேரத்துல வேற வண்டி பாருங்க சார்” என்கிறார். 3,200 கொடுத்தேன். ஒரு குடும்பம் இருட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே கேட்கும் காசுக்கு வேறு பெயர் இருக்கிறது. நீங்கள் போனால், ‘வெயிட்டிங், பேட்டா உட்பட இவ்வளவு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிவிட்டு ஏறுங்கள்.

இனி நல்ல விஷயம். மாலை வெளிச்சத்தில் பெரிய தொலைநோக்கியின் கட்டடத்தைப் பார்த்தோம். 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி. 2016இல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் வரும்வரை நாட்டிலேயே பெரிது இதுதான். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். இதற்காகவே உழைத்த வானியலாளர் வைணு பாப்பு 1982இலேயே இறந்துவிட்டார். தன் பெயர் தாங்கிய தொலைநோக்கியை அவர் பார்க்கவே இல்லை என்பதைக் கேட்டு என் மகள் நெடுநேரம் வருத்தப்பட்டாள். 1988இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்ததைச் சொன்ன பிறகுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஏழரைக்கு வரிசை. அன்றைக்கு அரை நிலா. பார்க்க ஏற்ற நாள், ஏனென்றால் பாதி நிலாவில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் வெயில் சாய்வாக விழுந்து, பள்ளங்களின் நிழல் நீண்டு தெரியும். பௌர்ணமியில் எல்லாம் தட்டையாகிவிடும், பளிச்சென்ற வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரங்களும் காணாமல் போய்விடும். தேதி பார்க்காமல் பௌர்ணமி சனிக்கிழமையில் போய் நிற்காதீர்கள்.

பிறகு வியாழன். மகள் சின்ன ஏணிப்படியில் ஏறி, குழாயைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “கையால தொடாதம்மா, ஆடும். கண்ணை மட்டும் வை” என்றார் அங்கிருந்தவர். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை இறுக்கி மூடி, மூச்சைப் பிடித்து நின்றாள். “அப்பா, கோடு போட்டிருக்கு!” நானும் பார்த்தேன். மோர் நிற வட்டம், குறுக்கே இரண்டு மங்கலான பட்டை, ஒரே நேர்க்கோட்டில் இந்தப் பக்கம் மூன்று புள்ளி, அந்தப் பக்கம் ஒன்று. 1610இல் கலிலியோ பார்த்த அதே நாலு. அதில் ஒன்றான கானிமீடு 1972இல் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, இதே வளாகத்தில் இருக்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அதைப் பதிவுசெய்து, அங்கே மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்குத் தடயம் பிடித்திருக்கிறார்கள். அன்று அவர்கள் குறிவைத்த புள்ளியை நம் பிள்ளை அதே மலையில் நின்று பார்க்கிறாள் என்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

தொலைநோக்கி இல்லாமலே பார்க்க வேண்டியது இன்னும் நிறைய. பச்சை லேசரால் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி, அதன் வாலின் வளைவை நீட்டினால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை என்று சொல்லிக்கொடுத்தார்கள். வசிஷ்டருக்குப் பக்கத்தில் மங்கலாக அருந்ததி. அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “என் கல்யாணத்துல பட்டப்பகல்ல விரலைக் காட்டி, தெரியுதான்னு கேட்டாங்க. தெரியுதுன்னு தலையாட்டினேன். இப்பத்தான்டா நிஜமாப் பார்க்கிறேன்.”

தெற்கே மரங்களுக்கு மேல் தென்சிலுவை. நீட்டிய கையின் இரண்டு முஷ்டி உயரம்கூட வராது, ஆனால் நாலு நட்சத்திரமும் தெளிவாக நின்றன. டெல்லியில் இது தொடுவானத்தோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். நாம் பன்னிரண்டரை பாகை அட்சரேகையில் இருப்பதால் கிடைத்த வரம் இது. தென்வானமும் எட்டும் என்பது இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம். பக்கத்தில் ஆல்ஃபா செண்டாரி, 4.37 ஒளியாண்டுத் தொலைவு. எட்டு வயது மகளிடம், “நீ எல்கேஜி சேர்ந்தப்போ கிளம்பின வெளிச்சம் இது” என்றேன். “நிஜமா?” என்று என்னைத் திரும்பிப் பார்த்தவள் மறுபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதை ஒரு ஆள் மொபைல் டார்ச்சைப் போட்டு ஒரு நொடியில் கெடுத்துவிடுகிறார். செல்ஃபிக்கு ஃபிளாஷ் வேறு! ஊழியர்கள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்கள், கேட்பதில்லை. போனைப் பைக்குள் வைக்க முடியாதவர்கள் தயவுசெய்து மாலுக்குப் போகலாம்.

இட்லியும் மிளகாய்ப் பொடியும் கட்டிக்கொண்டு போனதால் பிழைத்தோம், மேலே சாப்பாட்டை நம்பாதீர்கள். கத்திரியிலும் இரவில் காற்று குளிர்ந்துவிடுகிறது, பிள்ளைகளுக்கு ஒரு துண்டு வேண்டும். மே மாதத்தில் சாயங்கால இடிமேகம் வந்தால் எல்லாம் பாழ். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் இன்னும் நம்பகமானது.

உள்ளே எங்களிடம் யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஐந்து பேருக்கு ரயில், பிரியாணி, லாட்ஜ் எல்லாவற்றையும்விட அந்தக் கார்தான் பெரிய செலவு. அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்குக் காவலூரிலிருந்து ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு ஒரே ஒரு அரசுப் பேருந்து விடுங்கள். அன்று வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அதில்தான் ஏறியிருப்பார்கள்.