வாலைப் பிடுங்கும் மீனுக்கு ஒரு பாம்பு ஃப்ளை

இந்தக் கோடையின் தலைவலி ஒருவழியாகத் தீர்ந்தது, பாதியாவது. போன வாரம் வேல்ஸின் இஸ்ட்வித் ஆற்றில், லானிலார் ஊருக்குக் கீழே ஒரு மடுவில், நள்ளிரவுக்குச் சற்று முன்னால் 48 செ.மீ. கடல் டிரவுட் ஒன்று, கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் மீன், வலைக்குள் வந்தது. எடை இரண்டே முக்கால் பவுண்டு இருக்கலாம். இதைவிடப் பெரிய மீன்கள் இந்த ஆற்றில் ஏறுகின்றன, அதனால் அளவைச் சொல்லிப் பெருமையடிக்கவில்லை. தூண்டில் முள் எங்கே மாட்டியிருந்தது என்பதில்தான் என் பெருமை. தாடை மடங்கும் மூலையில், கெட்டியாக. மீன் இரண்டு தடவை தண்ணீருக்கு மேலே துள்ளியும் அசையவில்லை. அதுவும் பார்ப், அதாவது கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முனை, இல்லாத முள்.

ஜூன் பூராவும் நடந்தது வேறு கதை. 'டக்' என்று ஒரு இழுப்பு, கையிலிருக்கும் லைன் ஓர் அங்குலம் நகரும், அவ்வளவுதான். ராடைத் தூக்கினால் காற்று. அடுத்த வீச்சில் அதே இடத்தில் இன்னொரு 'டக்'. டார்ச்சை மரத்துப் பக்கம் திருப்பி ஃப்ளையை, அதாவது முள்ளோடு மயிரும் இறகும் கட்டிய போலி இரையை, பார்த்தால் வால் மயிர் கொஞ்சம் கலைந்திருக்கும். கடல் டிரவுட்டுக்கு இரவில் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் ஏறிய பிறகு இந்த மீன் பசிக்காகத் தின்பது ரொம்பக் குறைவு. கடலில் சின்ன மீன்களைத் துரத்திய பழக்கத்திலோ எரிச்சலிலோ பின்னால் வந்து வாலைக் கடித்துப் பார்க்கிறது. முள்ளோ முன்னால் இருக்கிறது. இரண்டரை அங்குல ஃப்ளையில் முள் முன்பாதியிலேயே முடிந்துவிட்டால், கடிக்கிற வாய்க்கு மயிர் மட்டும்தான் மிச்சம்.

இழுக்கும் வேகத்தை மாற்றிப் பார், ராட் நுனியை உயர்த்திப் பிடி, லைனில் கொஞ்சம் தொய்வு விடு என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாம் செய்தாயிற்று. ராட் நுனியை உயர்த்துவதில் கொஞ்சம் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோளாறு கையில் இல்லை, ஃப்ளையில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஆற்றைப் பற்றி இரண்டு வரி. இஸ்ட்வித் சின்ன ஆறு. கேம்ப்ரியன் மலையில் தொடங்கி, அபெரிஸ்ட்வித் துறைமுகத்தில் ரைடல் ஆற்றோடு சேர்ந்து கடலில் விழுகிறது. பல இடங்களில் எதிர்க்கரைக்கு வீசுவதற்கு முழு லைன்கூட வேண்டாம். மலையில் நல்ல மழை பெய்தால் சில மணி நேரத்தில் பொங்கும், அப்புறம் ஓரிரு நாளில் இறங்கும். இறங்கி, தண்ணீர் பால் விடாத டீ நிறத்துக்கு வரும்போதுதான் புது மீன் மேலே ஏறும். நேச்சுரல் ரிசோர்ஸஸ் வேல்ஸ் என்ற அரசு அமைப்பு ஆற்று மட்டத்தை இணையத்தில் கோடாகக் காட்டுகிறது. வேலை நேரத்தில் என் திரையின் ஒரு மூலையில் அந்தக் கோடு எப்போதும் திறந்திருக்கும்.

மேலே கும் இஸ்ட்வித் பக்கம் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கங்கள். ஈயமும் துத்தநாகமும் இன்னும் தண்ணீரில் கசிந்துகொண்டுதான் இருக்கின்றன. 1920-களில் கேத்லீன் கார்ப்பென்டர் என்ற ஆய்வாளர் அபெரிஸ்ட்வித்திலிருந்து இந்தப் பக்கத்து ஆறுகளில் இறங்கி, சுரங்கக் கழிவு தண்ணீர்ப் பூச்சியிலிருந்து மீன்வரை எதையெல்லாம் அழிக்கிறது என்று ஆராய்ந்தார். அப்படிக் கெட்ட ஆற்றில் இன்று கடல் டிரவுட் ஏறுகிறது. அதனால் இங்கே மீன் கிடைக்காத இரவுகளில் நான் ஆற்றைத் திட்டுவதில்லை, ஃப்ளையைத்தான் திட்டுவேன்.

சரி, பாம்பு ஃப்ளைக்கு வருவோம். ஸ்னேக் ஃப்ளை என்று கடையில் கட்டியும் விற்கிறார்கள். உடம்பு பிரெய்டு என்ற பின்னல் நூல், முள் கடைசியில். நான் வாங்கிய ரகத்தில் மும்முனை முள் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இருட்டில் வலையிலிருந்து கழற்றும்போது முதலில் வலையில் மாட்டும், அடுத்து சட்டைக் கையில், கடைசியில் விரலில். வேல்ஸில் 2020 முதல் பார்ப் இருக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் குறடால் நசுக்க வேண்டிய இடமும் மூன்றாகிறது. எனக்கு ஒற்றை முள்ளே போதும்.

கட்டுவது இப்படி. தடித்த தையல் ஊசியை வைஸில், ஃப்ளை கட்டும் பிடிகருவியில், படுக்க வைக்கிறேன். 30 பவுண்டு எடை தாங்கும் பிரெய்டை இரண்டாக மடித்து, மடிப்பை முள்ளின் காதுக்குள் நுழைத்து, முள்ளைச் சுற்றி எடுத்து இறுக்கினால் பின்பக்கம் முடிந்தது. முள் மழுங்கினால் கழற்றி வேறு மாட்டலாம், ஃப்ளையைத் தூக்கிப்போட வேண்டாம். முன்பக்கம் ஊசியைச் சுற்றி ஒரு சின்ன வளையம் விட்டு நூலால் கட்டி, சூப்பர் குளூ ஒரு சொட்டு. அதன்மேல் வெள்ளி ஜரிகை, கறுப்பு நரி மயிர், கழுத்தில் நீல இறகு. கறுப்பு, நீலம், வெள்ளி: கடல் டிரவுட்டுக்கு இதற்கு மேல் நிறம் யோசிப்பவர்கள் கடைக்காரருக்காக யோசிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதுவரை சுலபம். சிக்கல் கடைசி ஒன்றரை சென்டிமீட்டரில். ஜரிகை முடிகிற இடத்துக்கும் முள்ளுக்கும் நடுவே பிரெய்டு வெறுமனே தொங்குகிறது. வீசும்போது, குறிப்பாகப் பின்வீச்சில் கொஞ்சம் அவசரப்பட்டால், முள் மடங்கி வந்து நரி மயிரில் மாட்டிக்கொள்ளும். பகலாக இருந்தால் பார்த்துவிடலாம். இருட்டில் ஒரு மடு முழுக்க அப்படியே வீசிக்கொண்டு போவோம், மீனுக்கு முன்னால் ஒரு கறுப்பு உருண்டை போய்க்கொண்டிருக்கும். ஆகவே அந்த ஒன்றரை சென்டிமீட்டர் விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் மீன் கடிக்கும்போது வளைந்து வாய்க்குள் போகவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொண்டுவரத்தான் அத்தனை கூத்தும்.

முதலில் சூப்பர் குளூவில் ஊறவிட்டேன். நன்றாக விறைத்தது. ஆனால் பசை முடிகிற விளிம்பில் பிரெய்டு உடைந்தது, முள்ளும் கையோடு போனது. அடுத்தது புற ஊதா விளக்கில் இறுகும் ரெசின். பார்க்கக் கண்ணாடி மாதிரி அழகு, வளையவே வளையாது. 'டக்' திரும்பி வந்தது. பிரெய்டுக்குப் பதில் 25 பவுண்டு நைலான் போட்டேன். அது மோசமில்லை, இரண்டு மூன்று மணி நேரம் நேராக நிற்கும். பெட்டியில் சுருண்டு கிடந்துவிட்டால் மறுநாள் அந்தச் சுருளோடுதான் வெளியே வரும்.

கடைசியில் பதில் அலமாரியில் கிடந்த பழைய டெலிபோன் வயரில் இருந்தது. உள்ளே நாலு மெல்லிய கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. கம்பியை உருவிவிட்டு உறையை ஒன்றரை சென்டிமீட்டருக்கு வெட்டி, முள் மாட்டுவதற்கு முன்பே பிரெய்டில் கோத்துவிடுகிறேன். முள் கட்டியதும் உறையைக் கீழே தள்ளி, முள்ளின் காதுமேல் இறுக்கி ஏற்றிவிட்டால் முள் பக்கவாட்டில் சாயாது, முனையும் மேல்நோக்கி நிற்கும். மேல்நோக்கி நின்றால் கல்லில் மாட்டுவது குறைகிறது, மீனுக்கும் அந்தப் பக்கம்தான் நன்றாக மாட்டுகிறது. உறையின் முன்முனை ஜரிகையைத் தொடக் கூடாது, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஃப்ளை வளைகிறது. இடைவெளி மூன்று மில்லிமீட்டர் ஆனால் முள் மறுபடி மடங்கி மயிரில் மாட்டுகிறது. கொல்லைப்புறத்தில் நின்று புல்லில் வீசிப் பார்த்தே இதைப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, பழகிவிட்டார்.

வெள்ளை உறை வேண்டாம், நிலா இருந்தால் பளிச்சென்று தெரிகிறது. நீலமும் பச்சையும் சரி. ஆரஞ்சை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன், காரணம் கேட்காதீர்கள்.

முள் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப வேண்டும். எட்டாம் எண், குட்டைத் தண்டு, தடித்த கம்பி, நேர் காது. இதைச் சரியாக எழுதி அனுப்பினாலும் ஓர் இணையக் கடையிலிருந்து வளைந்த காதுள்ள முள்தான் வந்தது. திருப்பி அனுப்பினால் தபால் செலவு நம்முடையதாம். நேர் காது இல்லையென்றால் உறை ஏறாது, ஏறினாலும் கோணலாக நிற்கும். இப்போது நேரில் போய்க் கையில் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பிரெய்டுக்கு அந்தக் கவலை இல்லை, கடல் மீன்பிடிப்புச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் மிச்சச் சுருள் மலிவாகக் கிடைக்கும்.

அந்த இரவுக்கு வருகிறேன். இங்கே இந்த நாட்களில் ஒன்பதே முக்கால் வாக்கில்தான் சூரியன் மறைகிறது, பதினோரு மணிக்கு முன்னால் தண்ணீரில் கால் வைப்பது மடத்தனம். கரைப் புல்லில் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் இன்னும் உட்கார வேண்டும். மட்டம் ஒரு நாளாக இறங்கிக்கொண்டிருந்தது, மேகம், காற்று இல்லை, வௌவால்கள் ஏராளம். அவை லைனில் மோதும்போது வரும் அதிர்வை மீன் என்று நம்பி ராடைத் தூக்காத ஆள் இருக்க முடியாது.

பத்தடி ராட், ஏழாம் எண் மிதக்கும் லைன், அதன் நுனியில் லீடர் என்ற மெல்லிய இழை, பத்து பவுண்டு தாங்குவது. மடுவின் கழுத்திலிருந்து ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு அடி கீழே. பாதி தூரத்தில் அந்த 'டக்' வந்தது. வழக்கம்போல் அடிவயிறு கலங்கியது. ஆனால் இந்தத் தடவை லைன் நகர்ந்தபின் நிற்கவில்லை. நான் ராடைத் தூக்கவும் இல்லை, அதுவே இறுகிக்கொண்டது. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதைதான்: கீழ்நோக்கி ஓட்டம், இரண்டு துள்ளல், எதிர்க்கரை வேருக்குள் புகப் பார்த்தது, நான் விடவில்லை. 60 செ.மீ.க்கு மேல் என்றால் இங்கே சட்டப்படி விட்டாக வேண்டும். இது குறைவுதான், ஆனாலும் விட்டுவிட்டேன். நல்ல வெள்ளி நிறம், உருண்ட வயிறு. கடலுக்குப் போய்த் திரும்புவதில் பெரும்பாலும் பெட்டைகளே. இலையுதிர் காலத்தில் மேலே போய் முட்டையிட வேண்டியது அது.

ஒரு மீனை வைத்து ஃப்ளையை நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அதே இரவில் இன்னொன்று மாட்டி, வலைக்கு அருகில் கழன்றது. ஆனால் கழன்றது மாட்டிய பிறகு. ஜூன் மாதம் அந்த வாய்ப்பைக்கூடத் தரவில்லை.

டென்மார்க்கில், ஃபியூன் தீவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவருக்குப் படம் அனுப்பினேன். "அண்ணா, ராத்திரி முழுக்கக் குளிருக்க நிண்டு என்னத்துக்குக் கஷ்டப்படுறியள்? இஞ்ச வாங்கோ, பகல்லயே கடலுக்க இறங்கி நிண்டு பிடிக்கலாம்" என்றார். உண்மைதான். அந்தத் தீவின் கரையோரமே இந்த மீனுக்குப் பேர்போனது. 1990 முதல் ஓடைகளைச் சீர்செய்து, குஞ்சு விட்டு, மீனைப் பெருக்குகிறார்கள். அங்கே 40 செ.மீ.க்குக் கீழே என்றால் விட வேண்டும், இங்கே மேல்பக்கம் வரம்பு. வசந்த காலத்தில் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கடலில் அலையோடு வீச இந்த உறை போதுமா, இன்னும் நீளமாக வேண்டுமா என்று இப்போதே மனம் அங்கே போய்விட்டது. ஃபியூனில் இறால் மாதிரி ஃப்ளைகளுக்குத்தான் மதிப்பாம், பாம்பெல்லாம் வேண்டாம் என்கிறார் தம்பி. பார்க்கலாம்.

அதற்கு முன்னால் இங்கே முடிக்க வேண்டியது நிறைய. நள்ளிரவு தாண்டி மூடுபனி இறங்கினால் மடு செத்துவிடுகிறது. அந்த நேரத்துக்கு மேல்மட்டத்தில் கோடு கிழித்துக்கொண்டு போகிற ஃப்ளை ஒன்று வேண்டும். பழைய ஒயின் புட்டியின் கார்க்கை அரமும் மணல்தாளும் வைத்து உருட்டிவிட்டேன். ஆனால் அதன் பின்னாலும் இதே முள், இதே உறை வைத்தால் முள் கனம் தாங்காமல் வால் தாழ்ந்து, கோடு கிழிக்காமல் அமிழ்கிறது. குளியல்தொட்டியில் போட்டுப் பார்த்தாயிற்று. பத்தாம் எண் முள் போட்டால் மிதக்கிறது, ஆனால் அந்தச் சின்ன முள் பெரிய மீனின் வாயில் நிற்குமா என்று சந்தேகம். கார்க்கை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் தடிப்பாக எடுத்து எட்டாம் எண்ணையே வைத்துப் பார்க்கப் போகிறேன். கார்க் இருக்கிறது, நேர் காது முள்தான் சனிக்கிழமை கடைக்குப் போனால் கிடைக்கும்.