கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு மூட்டை அரிசி

தம்பி வீட்டில் தொட்டில் ஆடினால் ஐப்பசி அன்னாபிஷேகத்துக்குச் சொந்த வயல் அரிசி ஒரு மூட்டை தருவதாக, கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருவுடையாரிடம் அம்மா வேண்டியிருந்தார். பேத்தி பிறந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரிசியை முன்கூட்டியே சேர்த்துவிட்டு, பௌர்ணமியன்று மணல்மேடு வழியாகக் குடும்பத்தோடு கிளம்பினோம்.

அணைக்கரைப் பாலம் வந்தாலே எனக்கு மனசு கசக்கும். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே இந்தக் கீழணையைக் கட்டியபோது அந்தக் கோயிலின் மதிலை இடித்துத்தான் கருங்கல் எடுத்தார்கள். தடுத்த ஊர்மக்களுக்குத் தண்டனை கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னதும் வாய்ப்பேச்சோடு சரி. இதை நான் சொல்லிப் புலம்பினால் அம்மா, "தெற்கு ராஜன் வாய்க்கால் அங்கேருந்துதானே பிரியுது? அந்தக் கல்லு தேக்கின தண்ணிலதான் நம்ம நெல்லும் விளையுது. அவருக்குத் தெரியாததா?" என்பார்.

ராஜேந்திர சோழன் கங்கைநீரைக் கொண்டுவரச் செய்து, சோழகங்கம் ஏரியை வெட்டி, உருவாக்கிய தலைநகர் இது. சுமார் 250 வருஷம் சோழர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். இன்று சில தெருக்கள், வயல்கள், ஜெயங்கொண்டம் போகும் பஸ், அவ்வளவுதான். அன்றைக்கு இருந்த ஜனமெல்லாம் எங்கே போனதோ! சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களில்தான் அவர்கள் மிச்சம்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. மாளிகைமேட்டில் தோண்டியபோது அரண்மனையின் செங்கல் சுவர்கள் கிடைத்தன.

அன்னாபிஷேகத்தன்று மட்டும் பழைய ஜனத்தொகை மொத்தமும் திரும்பிவிட்டதோ என்று தோன்றும். வண்டி நிறுத்தவே அரைமணி நேரம். ரசீது இல்லாமல் காசு கேட்ட ஒருவர், பூக்கூடையை மடியிலேயே வைத்துவிட்ட ஒரு அம்மா, "குறுக்கு வழியில கூட்டிட்டுப் போறேன்" என்று பின்னாலேயே வந்த இன்னொருவர். சுவாமியைப் பார்க்க வந்த இடத்தில் சண்டை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற தம்பி மனைவிக்கு ஒருத்தரும் வழிவிடவில்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

வடக்கு வாசலில் சண்டேசருக்குச் சிவபெருமான் கொன்றைமாலை சூட்டும் சிற்பத்தைக்கூட நெரிசலில் எட்டித்தான் பார்த்தேன். அதன்முன் நின்று அழாமல் வந்தது அன்றைக்குத்தான்.

உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோயிற்று. சுமார் 13 அடி உயர லிங்கம் முழுக்க வெள்ளைவெளேரென்று அன்னம். நூறு மூட்டை என்பார்கள். ஒவ்வொரு பருக்கையும் ஒரு லிங்கம் என்று அம்மா சின்ன வயதில் சொன்னதெல்லாம் சேர்ந்து வந்து நெஞ்சை அடைத்தது. அத்தனைக்குள் எங்கள் வயல் அரிசி எங்கே இருக்கிறதோ! அம்மா பேத்தியைத் தூக்கிக் காட்டி, "இவதான் சாமி, இவதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாங்கி வந்த வில்வத்தைக் கொடுக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. தீபாராதனை காட்டியபோது நான் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே கொடுத்தவரிடம் என்னத்தைக் கேட்க? அப்பா நடமாடுகிறார், கடன் அடைந்தது, இப்போது இவள். நன்றி, நன்றி என்றே வாய் முணுமுணுத்தது.

லிங்கத்தின் மேல்பகுதியான பாணத்தின் மேல் சாத்திய அன்னம் நீர்நிலைக்குப் போகும். அடிப்பீடமான ஆவுடையார்மேல் இருந்தது பிரசாதமாகக் கைக்கு வந்தது. குழந்தைக்கு ஆறு மாசம். வேறு நாள் பார்க்க வேண்டியதில்லை என்று அம்மா அங்கேயே ஒரு பருக்கையை மசித்து ஊட்டிவிட்டார். பெயரும் பெரியநாயகிதான். அதைச் சுருக்கி நவீனமாக ஏதாவது வைக்கலாமா என்று தம்பி கேட்டுப் பார்க்கிறான். அம்மா விடுவதாக இல்லை.