கல்லீரல்–மண்ணீரல் பிணக்கு: கேள்வியிலிருந்து கஷாயம் வரை

சீன மருத்துவத்தில் கல்லீரலின் வேலை, 'ச்சீ' எனும் உயிராற்றலைத் தடையில்லாமல் ஓடவிடுவது. மண்ணீரலின் வேலை, உண்டதைச் சத்தாக்கி உடலெங்கும் சேர்ப்பது. கல்லீரலின் ச்சீ ஓட்டம் இறுகி, தளர்ந்த மண்ணீரலை அமுக்குவதுதான் கல்லீரல்–மண்ணீரல் பிணக்கு. ஸ்கேனில் தெரியும் உறுப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தப் பிணக்கு உள்ளவர்களுக்கு ரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கலாம்.

சீன மருத்துவம் பார்க்கும் நாங்கள் முதலில் விசாரிப்பது மலத்தைத்தான். வயிறு முறுக்கி வலித்து, உடனே இளகிப் போய், போனதும் வலி தணிகிறதா? கோபமோ பதற்றமோ வந்த நாளில் கூடுகிறதா? விலா ஓரம் உப்பல், அடிக்கடி பெருமூச்சு உண்டா? இவை சேர்ந்து வந்தால் பிணக்கு என்று எண்ணலாம். மனநிலை எப்படி இருந்தாலும் சாப்பிட்டதும் இளகினால் அது வெறும் மண்ணீரல் பலவீனம். போனபின் வலி தணிந்தாலும், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் செரிக்காத உணவின் தேக்கம். ஏப்பமும் புளிப்பும் மேலே வந்தால் கல்லீரலோடு மல்லுக்கட்டுவது இரைப்பை, வைத்தியம் வேறு.

அடுத்து நாக்கு. காபி, வெற்றிலை போட்டுவிட்டு வந்தால் பார்த்துப் பயனில்லை. வெளிறி, ஓரத்தில் பல் தடம் பதிந்திருந்தால் மண்ணீரல் தளர்ந்திருக்கிறது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கையில், நோயாளியின் இடக்கையில் நம் நடுவிரல் படும் இடம் கல்லீரலுக்கு, வலக்கையில் படும் இடம் மண்ணீரலுக்கு. இடப்பக்கம் வீணைத் தந்திபோல் விறைத்தும் வலப்பக்கம் அழுத்தினால் அடங்கியும் இருப்பது இந்தப் பிணக்கின் நாடி.

இனிதான் உண்மையான முடிவு: கல்லீரலின் இறுக்கம் எவ்வளவு, மண்ணீரலின் பலவீனம் எவ்வளவு? மனச்சோர்வும் களைப்பும் மேலோங்கினால் சீனாவின் சுங் வம்சக் காலத்து மூலிகைக் கலவையான 'சியாவ் யாவ் சான்'. இன்றைய அளவில் சாய்ஹூ (கல்லீரல் இறுக்கத்தைத் தளர்த்தும் வேர்), தாங்குய், பாய்ஷாவ் (ரத்தத்தை ஊட்டும் வேர்கள்), பாய்ஜூ (மண்ணீரலைத் திடப்படுத்தும் கிழங்கு), ஃபூலிங் (மண்ணீரலுக்கு உதவும் பூஞ்சை) தலா 9 கிராம், அதிமதுரம் 4.5 கிராம், கொஞ்சம் சுட்ட இஞ்சி, சீனப் புதினா. வலியோடு பேதிதான் முதன்மை என்றால் 'தோங் சியே யாவ் ஃபாங்': பாய்ஜூ 9, பாய்ஷாவ் 6, உலர்ந்த கமலாத் தோல் 4.5, ஃபாங்ஃபெங் என்ற வேர் 3 கிராம். இதில் மண்ணீரலுக்கான பாய்ஜூவே அதிகம் என்பதைக் கவனியுங்கள். இறுக்கத்தைத் தளர்த்தும் மூலிகைகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. உப்பல் குறையும், களைப்பு கூடும், பேதி நிற்காது. கல்லீரல் நோயைக் கண்டால் அது மண்ணீரலுக்குப் பரவும் என்றறிந்து முதலில் மண்ணீரலைத் திடப்படுத்து என்று பழஞ்சீன மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் சொன்னது இதனால்தான்.

கஷாயத்துக்கு மண்சட்டி நல்லது. இரும்பு, அலுமினியம் கூடாது. மூலிகைக்கு மேல் இரண்டு விரல் நீர் நிற்க அரைமணி நேரம் ஊறவைத்து, கொதி வந்தபின் சிறு தீயில் 20 முதல் 30 நிமிடம். புதினாவைக் கடைசி 5 நிமிடத்தில்தான் போட வேண்டும். முன்பே போட்டால் மணத்தோடு குணமும் ஆவியாகிவிடும். மீண்டும் நீர் விட்டுக் காய்ச்சி, இரண்டு வடிநீரையும் கலந்து காலை, மாலை வெதுவெதுப்பாகக் குடிக்கலாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லா எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, மஞ்சள் காமாலை இருந்தால் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தாங்குய் ஆபத்து. அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும். கர்ப்பிணிகள் இவற்றைத் தாமாகக் காய்ச்சிக் குடிக்கவே கூடாது.