பாதி வீடு அவளுடையது என்பதற்குச் சான்று

இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்குப் போடும் எஸ்டேட் வரி என்பது சொந்த விமானம் வைத்திருப்பவர்களின் கவலை என்றுதான் நினைத்திருந்தேன். பாஸ்டனை அடுத்த ஊரில் இருபது ஆண்டுகளாக இருக்கிறோம்; இருவருக்கும் சம்பள வேலை. அமெரிக்க மத்திய அரசின் விலக்கு வரம்பு 2025இல் தலைக்கு 1.399 கோடி டாலர், 2026 முதல் 1.5 கோடி. அந்தத் திசையில் நாங்கள் தலைவைத்தும் படுக்கப் போவதில்லை.

ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலம் தனியாக ஒரு வரி போடுகிறது. அதன் வரம்பு 20 லட்சம் டாலர்தான். வீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு, என் ஆயுள் காப்பீடு என்று வழக்கறிஞர் கூட்டிப் பார்த்தபோது 34 லட்சம் வந்தது. செத்த பிறகு வரும் பணம்கூட என் சொத்தாம்!

ஒருவருக்குப் பின் மற்றவருக்கு எல்லாம் என்று உயில் எழுதி வைத்திருந்தோம். அப்படிச் செய்தால் முதலில் இறப்பவரின் 20 லட்ச வரம்பு வீணாகிறது. மத்திய வரியில் மிச்ச வரம்பைத் துணைக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் மாநிலத்தில் முடியாது. கடைசியில் பிள்ளைகள் ஏறத்தாழ 1.2 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருக்கும். இதற்கு வழி, ஆளுக்கொரு டிரஸ்ட்; அதாவது, சொத்தை இன்னொருவர் பயனுக்காக ஒரு பொறுப்பாளர் பெயரில் வைக்கும் ஏற்பாடு. முதலில் போகிறவரின் பங்கு அதில் தங்கி, இருப்பவருக்குப் பயன்படும். அவருடைய சொத்துக் கணக்கில் சேராது.

எங்களுக்கு முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருந்தது. நான் குடிமகன் ஆகிவிட்டேன். மனைவி கிரீன் கார்டோடு நிற்கிறாள். இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனமில்லை. குடிமகளாக இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் வரியின்றி அவளுக்குக் கொடுக்கலாம். இல்லாததால் 2025இல் 1.9 லட்சம் டாலர்தான். நான் இறந்தால், வரம்புக்கு மேற்பட்ட பங்கை 'கியூடாட்' என்ற தனி டிரஸ்டில் வைத்தால்தான் வரி தள்ளிப்போகும். அதிலிருந்து அசல் தொகையை எடுத்தால் அப்போது வரி.

இதைவிடக் கடுப்பேற்றியது வீடு. இருவர் பெயரிலும் இருந்தாலும், அவள் குடிமகள் இல்லாததால், நான் முதலில் போனால் முழு வீடும் என் கணக்கில்தான் வரும். தன் பணத்தைப் போட்டதற்கு அவள் சான்று காட்டினால் அந்த அளவுக்குக் கழியும். 2008இல் வாங்கிய வீட்டுக்குச் சான்றா? வங்கியின் இணையதளத்தில் ஏழு ஆண்டுக் கணக்குதான் கிடைத்தது. மூன்று வார இறுதிகள் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிளறினோம். கல்யாண ஆல்பத்துக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் சென்னை வேலையின் வருங்கால வைப்பு நிதியை அவள் இங்கே அனுப்பிய ரசீது, அவள் சம்பளத்திலிருந்து போன தவணைச் சீட்டுகள். "குப்பை, தூக்கிப் போடு என்று எத்தனை தடவை சொன்னீர்கள்?" என்றாள். வாயைத் திறக்கவில்லை நான்.

டிரஸ்ட் பத்திரத்தில் கையெழுத்திட ஒரு மணி நேரம். சொத்துகளை அதன் பெயருக்கு மாற்ற ஐந்து மாதம். இதைச் செய்யாவிட்டால் டிரஸ்ட் வெற்றுக் காகிதம். அலுவலகக் குழுக் காப்பீட்டில் வாரிசாக இருந்தவர் காலமாகிவிட்ட என் அப்பா. உயிலில் என்ன எழுதியிருந்தாலும் அந்தப் படிவம்தான் செல்லும் என்பதால் அதை அன்றே மாற்றினேன்.

தனியாக எடுத்திருந்த காப்பீட்டையும் 2025 அக்டோபரில் வேறொரு டிரஸ்டுக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் நான் இறந்தால் அந்தத் தொகை மறுபடி என் சொத்தில் சேர்ந்துவிடும். 2028 அக்டோபர் வரை கூரையில் ஏறிப் பனி தள்ளக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.