கீழமாசி வீதியில் ஓர் இமயமலை வேர்

கொடைக்கானலில் நாங்கள் தங்கிய வீட்டு வேலியில் ஹனிசக்கிள் கொடி படர்ந்து கிடந்தது. பொழுது சாய்ந்தால் வாசனை ஜன்னல் வரை வந்துவிடும். ஜோடி ஜோடியாகப் பூக்கிறது. புதிதாக விரிந்த பூ வெள்ளை, பழைய பூ மஞ்சள், இரண்டும் ஒரே கொடியில். சின்ன வயதில் இட்லிப்பூவைப் பிடுங்கி அடியை உறிஞ்சுவோமே, அப்படி உறிஞ்சினால் இதிலும் ஒரு சொட்டுத் தேன்.

மறுநாள் பஸ்ஸில் ஆரப்பாளையம் வந்து இறங்கும்போதும் அந்த மணம் மனசில் இருந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஓர் அக்காவிடம் போனில் படத்தைக் காட்டினேன். "எங்க வீட்டு வாசல்லயே இருக்கே தம்பி, ரங்கூன் மல்லி" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதுவும் கொடிதான்; சாயங்காலம் வெள்ளையாக விரிந்து அப்புறம் சிவக்கும். ஆனால் அது கடுக்காய், மருத மரம் இவற்றின் சொந்தம். மல்லி குவிந்து கிடந்த அந்த மார்க்கெட்டில் ஹனிசக்கிளுக்கு உறவென்று ஒரு பூ கூட எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் ஹனிசக்கிளின் தாவரக் குடும்பம் மதுரையில் இருக்கிறது, வேராக! கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் "சடாமாஞ்சில் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "எண்ணெய் காய்ச்சவா?" என்றபடி டப்பாவைத் திறந்தார். பழுப்பு நிறத்தில், சடை பிடித்த முடி போல நார் நாராக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் ஈர மண்ணும் பழைய மரப்பெட்டியும் கலந்தது போல ஒரு கனமான மணம். பாட்டியின் தலைமுடி வாசனை!

சடாமாஞ்சில் முன்பு வலேரியன் குடும்பத்தில் இருந்தது. 2009-இல் வந்த தாவர வகைப்பாடு அந்தக் குடும்பத்தையே ஹனிசக்கிள் குடும்பத்துக்குள் சேர்த்துவிட்டது. இமயமலையில் 3,000 மீட்டருக்கு மேல், குளிரில் மெதுவாக வளரும் சின்னச் செடி இது. பைபிளில் வரும் நளதத் தைலம் இதிலிருந்து எடுத்ததுதான் என்பார்கள். பாப்பிரஸ் என்ற கோரைப்புல் தாளில் எழுதிய, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஆவணம் வியன்னாவில் இருக்கிறது. முசிறியிலிருந்து போன கப்பலின் சரக்குக் கணக்கு அது. அதில் கங்கை நளதம் 60 பெட்டி என்று வருகிறது. வடக்கே மலையில் பிடுங்கிய வேர் சேர நாட்டுத் துறைமுகம் வரை வந்து கப்பல் ஏறியிருக்கிறது. அந்தக் கடை வாசலில் நின்று இதை நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது.

பூவைக் கொய்தால் கொடி மறுபடி பூக்கும். இதில் வேரையே பிடுங்குவதால் செடியோடு போய்விடுகிறது. அதனால் இன்று இது அழியும் விளிம்பில் உள்ள செடிகளின் பட்டியலில் இருக்கிறது. சர்வதேச வணிகத்துக்கு 1997 முதல் கட்டுப்பாடும் உண்டு. கால் கிலோ வாங்கத்தான் போனேன். கையில் அந்த வேர்த்துண்டை வைத்துக்கொண்டு கேட்க மனசு வரவில்லை.

"25 கிராம் போதும் அண்ணாச்சி."

"எண்ணெய்க்குப் பத்தாதே?"

"வெட்டிவேர் கூடச் சேத்துக்கிறேன்."

பேப்பரில் மடித்துக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்கு வாங்கிய மல்லிச் சரமும் அந்தப் பொட்டலமும் ஒரே பையில். வீட்டுக்கு வந்ததும் அம்மா மல்லியைத் தொடவில்லை, முதலில் பொட்டலத்தைத்தான் பிரித்தார்.