ஊருணி வரத்துக்காலை மீட்க எட்டு மாத அலைச்சல்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருபத்தெட்டு வருடமாக நிலத் தரகு பார்க்கிறேன். ஆரம்பத்தில் நான் முடித்துக் கொடுத்த ஒரு இடத்தில், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். அந்த ஊர் ஊருணி அதன்பின் நிறையவே இல்லை. அதிலிருந்து, தண்ணீர் போகும் வழியை ஒதுக்கி வைக்காமல் எந்த இடத்துக்கும் நான் பேச்சு எடுப்பதில்லை.

போன வருடம் மாசியில் மூன்றரை ஏக்கர் ஒன்று விலைக்கு வந்தது. நான்கு பங்காளிகள். நடுவில் ஆறடி அகல வரத்துக்கால். மூத்த ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். "எங்க ஐயா வெட்டுன ஊருணி தம்பி. அதுக்குத் தண்ணி வார வழிய வித்துப்புட்டு ஊருக்குள்ள எப்படி நடக்குறது?" என்றார்கள். கால்வாயைத் தனி உட்பிரிவாக்கி ஊராட்சிக்குத் தானமாக எழுதிவிடுவது என்று முடிவானது.

சிக்கல் காகிதத்தில் இருந்தது. 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் அளவையில் கால்வாய் விட்டுப்போய், புல எண் முழுவதும் பட்டாவாகிவிட்டது. இப்படிப்பட்ட இடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டாலும் ஒன்றும் வராது. பட்டா, சிட்டா, ஏ பதிவேடு என்ற வருவாய்த்துறைப் பதிவுகள் எல்லாம் சரியாகவே இருக்கும். நிலத்தை அளந்து வரைந்த பழைய புலப்படம்தான் உண்மையைச் சொல்லும்.

அதைக் கேட்கப் போனால் எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "படத்துலயே இல்லாத வாய்க்காலுக்கு என்ன மனு?" என்றார். சிவகங்கை 1985-இல்தான் தனி மாவட்டம் ஆனது, பழைய ஏடு ராமநாதபுரத்தில்தான் இருக்கும் என்று அனுப்பிவைத்தார். அங்கே போனால் இங்கே இல்லை என்றார்கள். அந்த நாள் வீண். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். ஒன்று கவனியுங்கள்: "வாய்க்கால் விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "இந்தப் புல எண்ணுக்கு யுடிஆருக்கு முந்தைய புலப்பட நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நகல் வந்தது. மடிப்பு மடிப்பாக நைந்த தாளின் நடுவே இரட்டைக் கோடு, பக்கத்தில் தண்ணீர் ஓடும் திசைக்குச் சின்ன அம்புக்குறி. அதே எழுத்தரின் மேசையில் விரித்து வைத்தேன். மனுவை வாங்கிக்கொண்டார்.

அடுத்த அடி மலேசியாவிலிருந்து வந்தது. அங்கிருந்த பங்காளி தன் சார்பில் கையெழுத்துப் போட அனுப்பிய பவர் பத்திரத்தில் விற்க, கிரயம் எழுத எல்லாம் இருந்தது. தானம் எழுத அதிகாரம் இல்லை. பதிவு நாளன்று சாட்சிகளோடு போய் நின்றபிறகுதான் தெரிந்தது. மூன்று கார் வாடகை, ஆச்சிக்கு வெயிலில் அலைச்சல். முதலிலேயே ஒரு வரி விடாமல் படித்திருக்க வேண்டியது நான்தான். புதுப் பவர் வர இரண்டு மாதம் ஆனது. வெளிநாட்டுப் பவர் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். வந்த தேதிக்குச் சாட்சி அந்தக் கூரியர் உறைதான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஊராட்சித் தீர்மானம், அளவை, பதிவு எல்லாம் அதன்பின் மூன்று வாரத்தில் முடிந்தன.

மீதி இடத்தை வாங்கியவர் மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதிக்குப் போகும்போது இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். இவ்வளவு பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து சதவீதம் பொது இடமாக விட வேண்டும். வழக்கமாக எதற்கும் உதவாத ஒரு மூலையைக் காட்டிவிடுவார்கள். அதைக் கால்வாய் ஓரமாகவே நீளவாக்கில் வைக்கச் சொன்னேன். இனி அந்தக் கரையை ஒட்டி யாரும் சுவர் எடுக்க முடியாது.

ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் போய்ப் பார்த்தேன். கணுக்கால் அளவுக்குச் செம்மண் கலங்கல் ஓடிக்கொண்டிருந்தது. ஊருணியில் செம்புறாங்கல் படிகள் நான்கு முங்கியிருந்தன. ஆச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எத்தனை படி தம்பி?" என்று இன்னொரு முறை கேட்டார்கள்.